அயலகத்தில் பயிலும் நம் பிள்ளைகளும் நமது கடமையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

    

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் சற்று முன் வாசிக்கப்பட்டன. அந்தக் கணக்கில் இடம்பெறாத ஒரு பொருளைப் பற்றிச் சில நிமிடங்கள் உங்களோடு பேச விரும்புகிறோம்.

நம் வாழப்பாடியிலிருந்து ஒருவர் கடல் கடந்து செல்கிறார் என்றால், முன்பெல்லாம் அது வளைகுடா நாட்டு வேலைக்காகவே இருக்கும். இன்று நம் பிள்ளைகள் படிப்பதற்காகச் செல்கின்றனர். மருத்துவம் பயில ரஷ்யாவுக்கும் கிர்கிஸ்தானுக்கும் ஜார்ஜியாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் போகின்றனர். பொறியியலில் மேற்படிப்புக்காக ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் போகின்றனர். ஆண் பிள்ளைகள் மட்டுமல்ல, பெண் பிள்ளைகளும் செல்கின்றனர். இது மகிழ்ச்சிக்குரிய மாற்றம். ஆயினும் பாக்குத் தோப்பை விற்றும், நகையை அடகு வைத்தும் பிள்ளையை விமானம் ஏற்றிவிட்ட பிறகு, அந்தப் பிள்ளை அங்கே என்ன உண்கிறது, எங்கே உறங்குகிறது, யாரிடம் மனம் விட்டுப் பேசுகிறது என்பதை நாம் அறிந்து வைத்திருக்கிறோமா? இக்கேள்வியை நம் சிந்தனைக்கு வைக்கிறோம்.

இதற்கு நம் பக்கத்து ஊரிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. சேலம் வழியாகச் சென்றால் இரண்டு மூன்று மணி நேரத்தில் நாம் எட்டிவிடும் ஈரோட்டில், 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் பிறந்தவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன். கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராக இருந்தவர். 1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் சென்னையில் நெவாசா என்னும் கப்பல் ஏறி, ஏப்ரல் 14ஆம் நாள் இலண்டன் சேர்ந்து, கேம்பிரிட்ஜ் நகரின் டிரினிட்டி கல்லூரியில் பயின்றார். அவருடைய கணிதத்தை உலகம் பேசுகிறது. அவருடைய அன்றாட வாழ்க்கையை நாம் பேசுவது குறைவு.

புறப்படும் முன்பே குடுமியை எடுத்துக்கொண்டார். கோட்டும் காலணியும் அணியப் பழகினார். ஆனால் காலணி காலைக் கடித்தது. கேம்பிரிட்ஜில் பெரும்பாலும் செருப்பையே அணிந்திருந்தார். தம் சமய நெறிப்படி மரக்கறி உணவை மட்டுமே உண்பவர் ஆதலால், கல்லூரி உணவுக்கூடத்தில் உண்ணாமல் அறையிலேயே தாமே சமைத்துக்கொண்டார். ஊரிலிருந்து புளி முதலியவற்றை வரவழைத்தார். வந்த சில மாதங்களிலேயே, 1914இல் முதல் உலகப் போர் மூண்டது. காய்கறி கிடைப்பது அரிதாயிற்று. கணக்கில் மூழ்கிவிட்டால் நேரம் தவறிச் சமைத்து, நேரம் தவறி உண்டு, நேரம் தவறி உறங்கினார். பழகிய ஆசிரியர்களில் லிட்டில்வுட் போன்றோர் போர்ப் பணிக்குச் சென்றுவிட்டனர்.

பணத்தால் அவர் வாடவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை கொடுத்தது. கல்லூரியும் 60 பவுன் கொடுத்தது. அறிவுக்கும் குறைவில்லை, பணத்துக்கும் குறைவில்லை. குறை இருந்தது உணவிலும் உறக்கத்திலும் துணையிலும்தான்.

அக்காலத்தில் கல்கத்தாவைச் சேர்ந்த பி.சி. மகலனோபிஸ் என்பவரும் கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தார். பிற்காலத்தில் புள்ளியியல் துறையில் பெரும்புகழ் பெற்றவர் அவர். ஒருநாள் இராமானுஜனின் அறைக்குச் சென்ற அவர், "இரவில் குளிர் தெரியாமல் உறங்க முடிகிறதா?" என்று கேட்டார். இல்லை என்றும், மேலங்கியை அணிந்து சால்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தும் குளிர்கிறது என்றும் இராமானுஜன் கூறினார். படுக்கையைப் போய்ப் பார்த்தால், கம்பளிகள் போதுமான அளவு இருந்தன! அந்நாட்டு வழக்கப்படி அவை மெத்தையோடு சேர்த்து இறுக்கிச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பு போடப்பட்டிருந்தது. கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. கம்பளிகளுக்கு மேலே, விரிப்புக்கு அடியில் படுத்து, குளிரில் நடுங்கி வந்திருக்கிறார். மகலனோபிஸ் கம்பளியை விலக்கி, எப்படிப் படுப்பது என்று காட்டிக்கொடுத்தார்.

அன்பிற்கினியோரே! இச்செய்தியைச் சிரித்துவிட்டுக் கடந்து செல்லக் கூடாது. எண்களின் ஆழங்களைக் கண்டவருக்கு ஒரு படுக்கையின் வழக்கம் தெரியாமல் போனதில் வியப்பில்லை. அதை எந்தப் பாடநூலும் கற்பிப்பதில்லை. நாம் கற்க வேண்டியது மகலனோபிஸிடம். "நலமா?" என்று அவர் கேட்டிருந்தால், "நலம்" என்ற விடைதான் வந்திருக்கும். "இரவில் குளிர் தெரியாமல் உறங்க முடிகிறதா?" என்று குறிப்பாகக் கேட்டார், அதனால் உண்மை வெளிவந்தது.

அப்படிக் கேட்க ஆளில்லாத நாள்களில் என்ன நேர்ந்தது? 1917இல் இராமானுஜன் கடும் நோயுற்றார். காசநோய் என்று கருதி ஒன்றன்பின் ஒன்றாகப் பல மருத்துவ விடுதிகளில் சேர்த்தனர். ஊரிலோ அவருடைய தாயாருக்கும் இளம் மனைவிக்கும் இணக்கமில்லை. மனைவி எழுதிய கடிதங்கள் கணவரைச் சென்றடையாமல் தடுக்கப்பட்டன என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். இவரும் வீட்டுக்கு எழுதுவதைக் குறைத்துக்கொண்டார். 1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலண்டன் சுரங்க ரயில் பாதையில் பாய்ந்து உயிரை விட முயன்றார். ஊழியர் ஒருவர் கண்டு விசையை இழுத்ததால், ரயில் சில அடி தூரத்தில் நின்றது. அதே ஆண்டில்தான் இராயல் சொசைட்டியின் உறுப்பினர் என்னும் பெருமையும் அவருக்குக் கிடைத்தது! வெளியே புகழ், உள்ளே இருள். 1919 மார்ச்சில் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில் காலமானார். அப்போது வயது 32. அவருக்கு இருந்தது காசநோயன்று, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று பிற்கால மருத்துவ ஆய்வு ஒன்று கூறுகிறது. நோய் எதுவாயினும், சரியான உணவும் உற்ற துணையும் இன்றி அதனோடு அவர் போராடினார் என்பது உறுதி.

அது நூறாண்டுக்கு முந்திய கதை, இன்று கைப்பேசி இருக்கிறதே என்று சிலர் எண்ணலாம். விடுமுறையில் ஊர் வந்த பிள்ளைகள் சிலரிடம் நாங்கள் பேசிப் பார்த்தோம். ஒரு மாணவர் சொன்னார்: "பதினொரு மாதம் ரொட்டியும் முட்டையும்தான் பெரும்பாலும் சாப்பிட்டேன். அம்மா கேட்டால் பிரியாணி என்பேன். உண்மையைச் சொன்னால் அம்மா அழுவார்கள், அத்தாவுக்குக் கடன் கவலை கூடும் என்று பயம்." கடிதம் போய்ப் படத்தோடு கூடிய அழைப்பு வந்துவிட்டது, மறைப்பது மட்டும் மாறவில்லை. பிள்ளை தன் துன்பத்தை மறைக்கிறது, பெற்றோர் தம் கடனை மறைக்கின்றனர். இரு பக்கமும் அன்பினால்தான் மறைக்கின்றனர். ஆயினும் அந்த அன்பே இடையில் சுவராக எழுந்து நிற்கிறது.

அங்குள்ள ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். ஏற்காட்டுக் குளிரைக் குளிர் என்று கருதும் நம் பிள்ளை, உறைநிலைக்குக் கீழே இருபது டிகிரி வரை இறங்கும் ஊரில் பனியில் வழுக்காமல் நடக்கப் பழக வேண்டும். நாம் இரவு ஒன்பது மணிக்கு அழைக்கும்போது ரஷ்யாவின் கசான் நகரில் மாலை ஆறரை. வகுப்பு முடிந்து வந்து, விடுதியின் பொது அடுப்பில் தன் முறைக்காகப் பிள்ளை காத்திருக்கும் நேரம். கசானில் முஸ்லிம்கள் பெருமளவில் வாழ்வதால் பள்ளிவாசலும் ஹலால் உணவும் எளிது. எல்லா ஊரிலும் அப்படியில்லை. வடக்கே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் டிசம்பரில் பகல் ஆறு மணி நேரத்திற்கும் குறைவு. லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் வகுப்பு நேரத்துக்குள்ளேயே நெருங்கி வந்துவிடும். ஜூனிலோ இரவு பத்து மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். இவற்றுக்கான மார்க்க விளக்கத்தை இமாம் அவர்களிடம் புறப்படும் முன்பே கேட்டறிந்து செல்வது நல்லது.

எதிர்பாராத பேரிடரும் உண்டு. 2022 பிப்ரவரி 24ஆம் நாள் உக்ரைனில் போர் தொடங்கியபோது, கார்கிவ் நகரில் நம் மாணவர்கள் நிலவறைகளில் ஒடுங்கிக் கிடந்தனர். சுமி நகரில் பனியை உருக்கிக் குடித்தனர். ஆபரேஷன் கங்கா மூலம் மீட்கப்பட்டோரில் தமிழக மாணவர்கள் மட்டும் 1,800க்கும் மேற்பட்டோர். 2024 மே மாதம் பிஷ்கேக் நகரில் அயல்நாட்டு மாணவர் விடுதிகளைக் கும்பல்கள் தாக்கின. இத்தகைய நேரங்களில் பிள்ளை எந்த விடுதியில் இருக்கிறது, கூட இருப்பவரின் எண் என்ன என்று சொல்ல முடியாத பெற்றோர் பட்ட பாடு பெரும்பாடு.

எனவே ஜமாஅத்தின் சார்பில் சிலவற்றை முன்வைக்கிறோம்.

முதலாவது, புறப்படும் முன் விசாரணை. முகவர் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். வெளிநாட்டில் மருத்துவம் பயிலவும் நீட் தேர்ச்சி கட்டாயம். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, படிப்பு 54 மாதங்களுக்குக் குறையாமல் ஆங்கில வழியில் இருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் முடிக்க வேண்டும். ஊர் திரும்பித் தகுதித் தேர்வில் தேறி, இங்கும் 12 மாதப் பயிற்சி பெற வேண்டும். அத்தகுதித் தேர்வில் பல பருவங்களில் நால்வரில் ஒருவர்கூடத் தேறவில்லை என்பதை மறவாதீர்கள்.

இரண்டாவது, பணக் கணக்கு. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் வாழ்க்கைச் செலவுக்காக ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த விதி. பகுதி நேர வேலை செய்து சமாளிக்கலாம் என்பாரும் உளர். இங்கிலாந்தில் பட்டப்படிப்பு மாணவர் கல்விப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. சிறுபான்மை மாணவரின் வெளிநாட்டுக் கல்விக்கடனுக்கு வட்டி மானியம் அளித்த மத்திய அரசின் 'படோ பர்தேஷ்' திட்டமும் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய செய்தியை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

மூன்றாவது, அன்றாடப் பயிற்சி. மகனோ மகளோ, சோறு வடிக்கவும் பருப்பு வேகவைக்கவும் துணி துவைக்கவும் கணக்கு எழுதவும் ஆறு மாதம் முன்பே பழக்குங்கள். ஆண் பிள்ளை அடுப்படிக்குள் வருவதை இழிவாக எண்ண வேண்டாம். சேலத்தில் வாங்கும் ஸ்வெட்டர் அந்தக் குளிருக்குப் போதாது. கனத்த மேலங்கியையும் பனிக்காலணியையும் அங்கேயே வாங்கப் பணம் ஒதுக்குங்கள்.

நான்காவது, ஒரு பதிவேடு. நம் ஜமாஅத்திலிருந்து வெளிநாடு செல்லும் ஒவ்வொரு மாணவரின் விடுதி முகவரி, உடன் தங்குவோரின் எண், இந்தியத் தூதரகத்தின் எண் ஆகியவற்றைக் குழு அலுவலகத்தில் எழுதி வைப்போம். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் மாணவர் பதிவு செய்துகொள்ளவும் உதவுவோம். முன்னரே அந்நாட்டில் பயிலும் நம் வட்டாரப் பிள்ளை ஒருவரைப் புதிதாகச் செல்பவருக்குத் துணையாக அறிமுகம் செய்து வைப்போம். அங்கே ஒரு மகலனோபிஸ் இருந்தால் பாதிச் சுமை குறையும்.

இறுதியாக, கேட்கும் முறை. இனி "நல்லா இருக்கியா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். இன்று என்ன சமைத்தாய்? இந்த மாதம் கையில் எவ்வளவு மிச்சம்? இரவில் எத்தனை மணிக்கு உறங்கினாய்? உடம்பு முடியாதபோது யார் கூட வந்தார்கள்? எந்தப் பாடம் கடினமாக இருக்கிறது? இப்படிக் கேளுங்கள். விடை கசப்பாக இருந்தால் அழவோ அதட்டவோ செய்யாதீர்கள். அடுத்த முறை விடையே வராது. தேர்வில் தவறியதாகப் பிள்ளை சொன்னால், அதை உங்களிடம் சொல்ல முடிந்ததற்காக முதலில் நன்றி பாராட்டுங்கள். "படிப்பு முடியாவிட்டாலும் வீட்டுக் கதவு உனக்குத் திறந்தே இருக்கும்" என்று ஒருமுறையேனும் வாய் திறந்து சொல்லுங்கள்.

இராமானுஜன் ஊர் திரும்பும் முன், 1919 ஜனவரியில், தமக்கென ஒதுக்கப்பட்ட தொகையில் பெற்றோருக்கும் செலவுக்கும் போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர்கள், அநாதைகளின் கல்விக்குப் பயன்படுத்துமாறு சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். நோயில் கிடந்தவருக்கு இருந்த அந்த நினைவு, நலமோடிருக்கும் நமக்கும் வேண்டும். வசதியுள்ளோர் கல்வி நிதிக்குத் தாராளமாக வழங்கிட வேண்டுகிறோம்.

கடல் கடந்து பயிலும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் நல்ல உடலையும், நிறைந்த கல்வியையும், நேர்வழியையும், நலமாகத் தாய்மண் திரும்பும் பாக்கியத்தையும் வல்ல இறைவன் வழங்குவானாக! ஆமீன்.