வாழ்வுப்பொருள் இரவன்று, உரிமை



"சீவனாம்சம்" எனும் வடசொல்லால் வழங்கும் வாழ்வுப்பொருள், கணவன் இடும் பிச்சை அன்று. மனைவிக்கும் மக்களுக்கும் உரிய பங்கு.

1973ஆம் ஆண்டின் குற்ற நடைமுறைச் சட்டம், தன் 125ஆம் பிரிவில், திங்களுக்கு 500 உருபாவுக்குமேல் பெறவொட்டாது தடுத்தது. அரிசி விலை ஏறிற்று, நூல் விலை ஏறிற்று, அவ்வரம்போ அசையவில்லை. மேற்கு வங்கம் தன் திருத்தத்தால் அதனை 1,500 ஆக்கிற்று. 2001இல்தான் நடுவணரசு வரம்பை அறவே நீக்கிற்று. 2024 சூலை முதல் அப்பிரிவு, புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவாய் நிற்கின்றது.

வரம்பு நீங்கிற்று, இடர் நீங்கிற்றோ? திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலிலே உருப்படிக் கணக்கில் கிழமைக்கூலி பெறுவோர் பலர். சம்பளச் சீட்டு இல்லாதவன், "வருவாயில்லை" எனக் கைவிரித்தல் எளிது. இருவரும் வருவாயையும் உடைமையையும் உறுதியுரையில் வெளியிட வேண்டும்; விண்ணப்பித்த நாள்முதலே தொகை கணக்கிடப்பெற வேண்டும் என 2020இல் உச்ச நயன்மன்றம் உரைத்தது.

ஆணை பெற்றபின்னும் பணம் வாராவிடின்? நிலுவைக்கு ஓராண்டிற்குள் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். அவன் ஒரு திங்கள் சிறையிருந்தால் இவள் அடுப்பு எரியுமா? செருமானிய அரசு, தந்தை தராத பிள்ளைப்பொருளை 1980 முதல் தானே முன்கொடுத்து, பின்னர் அவனிடம் தண்டிக்கொள்கின்றது.

தமிழக அரசும் அவ்வாறு செய்தல் வேண்டும். குற்ற நடைமுறை பொதுப்பட்டியலில் உள்ளது. குடியரசுத் தலைவர் இசைவுடன் நம் சட்டமன்றமே திருத்தம் இயற்றலாம். தொழிற்சங்கங்களும் மகளிர் மன்றங்களும் இதனை எழுத்தில் வேண்ட முன்வருக!