காட்டர் குடும்பத்தின் கால்வழி

ஒரு குலத்தின் கால்வழியை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் அதன் பெருமையைத் தேடியே புறப்படுகின்றனர். வட அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் வாழ்ந்த காட்டர் குடும்பத்தில் அப்பெருமைக்குக் குறைவில்லை. 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய ஜோன் காட்டரின் மைந்தர் றொபேட், 1732ஆம் ஆண்டில் இறந்தபோது ஏறக்குறைய 3,00,000 ஏக்கர் நிலத்தை விட்டுச் சென்றார். 'அரசர் காட்டர்' என்பதே அவருக்கு வழங்கிய பெயர்.

அவருடைய வழித்தோன்றல்களைப் பிரித்தறிவது எளிதன்று. ஜோன், றொபேட், சார்ள்ஸ் என்னும் பெயர்களே தலைமுறைதோறும் வருகின்றன. ஆதலால் ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவரையும் அவரவர் மாளிகைப் பெயரோடு சேர்த்தே குறிப்பர். தாயின் பிறந்தகக் குடும்பப் பெயரை மகனுக்கு இடும் வழக்கமும் அங்கே உண்டு. அரசர் காட்டரின் புதல்வருள் ஒருவர் 'லாண்டன்' எனப் பெயர் பெற்றது அவ்வாறே. பெண்வழியை மறைத்துவிடும் ஏடுகளில் இஃதொரு நல்ல துப்பு. அவருடைய மகள் ஒருத்தி ஹரிசன் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டதால், சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்ட பெஞ்சமின் ஹரிசனும், பின்னாளில் ஜனாதிபதிகள் இருவரும் இவ்வழியினராயினர்.

இனி, அந்நிலங்களில் புகையிலை பயிரிட்டவர் யாவர்? அரசர் காட்டரின் ஆஸ்திப் பட்டியலில் ஆடுமாடுகளோடு நூற்றுக்கணக்கான அடிமைகளும் எண்ணப்பட்டுள்ளனர். அவர்தம் சந்ததியார் முன்னோரைத் தேடும்போது பெருஞ்சுவரொன்றில் முட்டிக்கொள்கின்றனர். 1850, 1860ஆம் ஆண்டுகளின் அடிமைக் கணக்கெடுப்பில், உடையவரின் பெயருக்குக் கீழே அடிமையின் வயதும் பாலும் நிறமுமே காணப்படும், பெயரில்லை. விடுதலை பெற்ற மக்கள் அனைவரையும் பெயர் சுட்டிப் பதிந்த முதற் கணக்கெடுப்பு 1870இல் நிகழ்ந்ததே. அதற்கு முந்திய தலைமுறைகளை அறிய, தம் முன்னோரை உடைமையாகக் கொண்டிருந்த குடும்பத்தின் உயில்களையே அவர்கள் புரட்ட வேண்டியிருக்கிறது. இதனினும் கொடிய நகைமுரண் வேறென்ன!

இவ்விருளில் ஒரு விளக்கு உண்டு. அரசர் காட்டரின் பேரரான நொமினி ஹோல் றொபேட் காட்டர், 1791இல் எழுதிய உறுதியொன்றின் மூலம் தம் அடிமைகளைப் படிப்படியாக விடுவிக்க முற்பட்டார். 450 பேருக்கு மேற்பட்டோரின் பெயரையும் வயதையும் தோட்டந் தோட்டமாக அதிற் பதிந்து வைத்தார். தம் பாட்டன் மாட்டோடு எண்ணியோரை அவர் மனிதராக எழுதினார் என்பேன். 1793இல் அவர் பொல்ரிமோர் நகருக்குப் பெயர்ந்தார். 1804இல் அவர் இறந்த பின்பும் அவ்வுறுதியின்படி விடுதலைகள் தொடர்ந்தன.