பேர் வைக்கவும் ஓட்டு!

கட்டற்ற மென்பொருளின் புதிய பதிப்புக்குப் பெயர் வைப்பது யார் தெரியுமா?

ஃபெடோரா என்ற லினக்ஸ் தொகுப்பில், பங்களிப்பவர்களே பெயர்களை முன்மொழிவார்கள். சட்டச் சிக்கல் இல்லாத பெயர்களுக்கு ஓட்டுப் போடுவார்கள். 20-ஆம் பதிப்பு வரை இப்படித்தான்.

2015-இல் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸின் அடுத்த எண் 3.20-ஆ, 4.0-ஆ என்று எல்லோரையும் கேட்டார். பெரும்பாலோர் 4.0 என்றார்கள், அதுவே வந்தது.

ஆனா, எண் மாறினதால மென்பொருள் மேம்படல. பிழையைக் கண்டு சொன்னவங்களும் திருத்தினவங்களும்தான் அதை மேம்படுத்தினாங்க.

நம்ம மாநகராட்சிப் பகுதி சபையும் அப்படித்தான். கையைத் தூக்கிட்டு வந்துடாதீங்க. எந்தத் தெருவிளக்கு எரியல, எந்தக் குழாயில் தண்ணி வரலைன்னு இடத்தோட சொல்லுங்க. அடுத்த கூட்டத்தில் என்ன ஆச்சுன்னு கேளுங்க.