இரத்த வகை பொருந்தினால் மட்டும் போதுமா?

சிறுநீரகம் செயலிழந்த மனைவிக்குத் தம் சிறுநீரகத்தைத் தரக் கணவர் முன்வருகிறார். இருவருக்கும் ஒரே இரத்த வகை. கணவரின் உடல்நலத்திலும் குறையில்லை. ஆனாலும் கடைசிப் பரிசோதனையைப் பார்த்த மருத்துவர் 'வேண்டாம்' என்கிறார். எதனால்?

காரணம், மனைவியின் இரத்தத்தில் இருக்கும் ஆண்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள். கிருமிகள் நுழைந்தால் அவற்றைப் பற்றிக்கொள்ளும் புரதம் அது. நம் உயிரணுக்களின் மேல் அடையாள அட்டை போல எச்.எல்.ஏ. என்னும் புரதங்கள் உள்ளன. வேற்று அடையாளத்தைக் கண்டால் எதிர்ப்பொருள் அதையும் பகையாகவே கருதும்.

கணவரின் அடையாளம் மனைவிக்கு எப்படித் தெரிந்தது? குழந்தை பாதி அடையாளத்தைத் தந்தையிடமிருந்து பெறுகிறது. கருவுற்ற காலத்திலும் பிரசவத்தின்போதும் குழந்தையின் அணுக்கள் தாயின் இரத்தத்தில் கலப்பதுண்டு. அதனால் சில தாய்மார்களுக்கு எதிர்ப்பொருள் உருவாகி, பல ஆண்டுகள் நிலைத்துவிடுகிறது. இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும், முன்பே மாற்று உறுப்பு பெற்றவர்களுக்கும் இது நேரலாம்.

இதை அறியாமல் சிறுநீரகத்தைப் பொருத்தினால், எதிர்ப்பொருள் அதன் இரத்தக் குழாய்களைத் தாக்கும். இரத்தம் உறைந்து, சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ உறுப்பு கருத்துப்போகலாம்.

இந்த உண்மையை 1969-இல் பட்டேல், டெராசாகி என்னும் இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் வெளியிட்டனர். கொடுப்பவரின் வெள்ளணுக்களைப் பெறுபவரின் இரத்த நீரோடு கலந்து பார்ப்பதே அவர்களின் சோதனை. எதிர்ப்பு காட்டிய 30 பேரில் 24 பேருக்குச் சிறுநீரகம் உடனே பழுதானது. எதிர்ப்பு காட்டாத 195 பேரில் 8 பேருக்கு மட்டுமே அப்படி நேர்ந்தது. அதன்பின் இச்சோதனை கட்டாயமானது.

மருத்துவர் மறுத்துவிட்டார் என்பதால் எல்லா வழியும் அடைபட்டுவிடவில்லை. இரத்த நீரைச் சுத்திகரித்து எதிர்ப்பொருளைக் குறைக்கும் சிகிச்சை உண்டு. பொருந்தாத இரு குடும்பங்கள் தங்களுக்குள் உறுப்பை மாற்றிக்கொள்ளும் முறையும் சில நாடுகளில் உண்டு.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது' என்று மருந்தை நிறுத்தினால், புதிய எதிர்ப்பொருள் உருவாகி உறுப்பைச் சிறுகச் சிறுக அழிக்கும். வலி தெரியாது, தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

கணவர் கொடுக்க மறுக்கவில்லை; மனைவியின் உடலிலும் குற்றமில்லை. பிள்ளையைச் சுமந்த உடல் அந்தச் சுவடைக் காத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டால் குடும்பத்தில் மனக்கசப்புக்கு இடமில்லை.