விடுதலைக்குக் கட்டிய விலை

கடன் கொண்டவன் அதனைத் தீர்ப்பது உலக நியாயம். ஆனால், அடிமையாய்க் கிடந்தவன் தன் விடுதலையின் பொருட்டு ஆண்டானுக்கே பணம் செலுத்தியது எந்த நியாயத்தின்பாற்பட்டது? கரிபியக் கடலிலுள்ள ஹெயிட்டி நாட்டின் சரித்திரம் எழுப்பும் வினா இதுவாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நாடு பிரான்சின் குடியேற்ற நாடாயிருந்தது. ஐரோப்பியர் அருந்திய கோப்பியிலும் சீனியிலும் பெரும்பங்கு அங்கிருந்தே சென்றது. அச்செல்வத்தை விளைத்தவர்கள், ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டோரும் அவர்தம் வழித்தோன்றல்களுமான நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட அடிமைகள். 1791 இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். நெப்போலியனின் படையையும் முறியடித்து, 1804 ஜனவரி முதலாந் திகதி சுதந்திரத்தைப் பிரகடனஞ் செய்தனர்.

இருபத்தோர் ஆண்டுகள் கழிந்தன. 1825 இல் பிரான்சிய மன்னன் பத்தாம் சார்ள்ஸின் போர்க்கப்பல்கள் ஹெயிட்டிக் கரையில் வந்து நின்றன. சுதந்திரம் அங்கீகரிக்கப்பட வேண்டுமாயின், உடைமை இழந்த தோட்ட முதலாளிகளுக்கு 15 கோடி பிராங்கு நட்டஈடு ஐந்து தவணைகளிற் செலுத்தப்படல் வேண்டும் என்பது நிபந்தனை. அந்த உடைமைக் கணக்கில் அடிமைகளும் அடங்கினர்! பீரங்கிகளின் முன் ஜனாதிபதி போயர் இசைந்தார்.

முதற் தவணையான 3 கோடிக்கே திறைசேரியில் வழியில்லை. எனவே பாரிஸ் நகரில் 3 கோடி கடன் வாங்கப்பட்டது. கழிவுகள் போகக் கைக்கு வந்ததோ 2 கோடி 40 இலட்சமே. இவ்வாறு, நட்டஈடு ஒன்று, அதைக் கட்டப் பெற்ற கடன் ஒன்று என இரு சுமைகள் அந்நாட்டின் தோளில் ஏறின. 1838 இல் மொத்த நட்டஈடு 9 கோடியாகக் குறைக்கப்பட்ட போதிலும் சுமை இறங்கவில்லை.

அதனைச் சுமந்தவன் கோப்பிச் செய்கையாளனே. ஏற்றுமதித் தீர்வையாக அவனிடம் பெற்ற பணம் கடல் கடந்து சென்றது. பாடசாலையாகவும் வீதியாகவும் துறைமுகமாகவும் உருப்பெற்றிருக்க வேண்டிய முதல் அது. விதைநெல்லை விற்றவனுக்கு அடுத்த போகம் ஏது? ஒரு கடனைத் தீர்க்க வேறொரு கடன் வந்தது. 1880 இல் நிறுவப்பட்ட தேசிய வங்கியும் பாரிஸ் முதலாளிகளின் கையிலேயே இருந்தது. 1915 முதல் 1934 வரை ஐக்கிய அமெரிக்கப் படை நாட்டை ஆண்டது. இக்கடன் தொடரின் இறுதிப் பகுதி 1947 இலேயே தீர்ந்தது.

ஹெயிட்டியின் வறுமைக்கு அதன் ஆட்சியாளரின் ஊழலும் கொடுமையும் காரணங்களே, அதனை மறுத்தற்கில்லை. எனினும், ஓட்டப் பந்தயத்தில் ஒருவன் காலில் விலங்கு பூட்டிவிட்டு, அவன் பிந்திவிட்டான் என்று நகைப்பது நீதியாகாது. 2003 இல் ஜனாதிபதி அரிஸ்டீட் அப்பணத்தைத் திருப்பிக் கேட்டார். நட்டஈடு விதிக்கப்பட்டு இருநூறு ஆண்டுகள் நிறைந்த 2025 இல், அதனை ஆராய இரு நாட்டு வரலாற்றாசிரியர் கொண்ட குழுவைப் பிரான்சு அறிவித்தது.

நாடுகளுக்கிடையே இன்றுள்ள ஏற்றத்தாழ்வை அளப்போர், ஒரு நாடு ஈட்டியது எவ்வளவு என்று மட்டும் பார்த்தல் போதாது. அதனிடமிருந்து பறிபோனது எவ்வளவு என்றும் பார்த்தல் வேண்டும்.