சலூன்காரர் மீட்ட சாலை

நூலக விழாவில் அமெரிக்கப் பாலைவனத்து ஊர் ஒன்றைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். சொந்த ஊர் என்று ஒன்றை உடையவர்கள் அத்தனை பேரும் கேட்கவேண்டிய சரித்திரம் அது.

அரிசோனா மாநிலத்தின் வறண்ட மேட்டு நிலத்திலே உள்ளது செலிக்மன். அந்த ஊரை ஆறு உண்டாக்கவில்லை, விளைநிலம் உண்டாக்கவில்லை; ரயில் உண்டாக்கியது. 1880-களில், பிரஸ்காட் நகருக்குக் கிளைப் பாதை பிரியும் சந்திப்பாகத் தோன்றி, ரயிலுக்கு மூலதனம் தந்த நியூயார்க் பாங்கிச் சகோதரர்களின் பெயரைத் தாங்கி, எஞ்சினுக்குத் தண்ணீரும் தொழிலாளிக்கு ஓய்வும் பிரயாணிக்குச் சாப்பாடும் கொடுத்து அது பிழைத்தது. 1926-இல் ஏற்பட்ட 66-ஆம் எண் நெடுஞ்சாலை, சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை ஏறக்குறைய 2,400 மைல் ஓடுவது, அந்த ஊரின் தெரு வழியாகவே போயிற்று.

அந்தச் சாலையோரத்தில் 1927-இல் ஒருவர் பிறந்தார். பின்னாளில் சலூன் வைத்தார். அவருடைய பிள்ளைப் பிராயத்தில், சாலையை ஒரு தெரு தள்ளிப் போட்டார்கள்; தந்தையின் கடை படுத்துவிட்டது. மூட்டை முடிச்சுகளைக் காரில் ஏற்றிக் கலிபோர்னியாவுக்குப் புறப்பட இருந்த குடும்பத்தைத் தடுத்து நிறுத்தியது எது தெரியுமா? சங்கீதம், ஐயா, சங்கீதம்! அண்ணன்மாரின் வாத்தியக் கோஷ்டிக்குக் கச்சேரி கிடைத்தது; ஏற்றிய மூட்டைகள் இறங்கின. அந்த அண்ணன்மாரில் ஒருவர், 1953-இல், ரயில்வே கழித்துப்போட்ட பலகைகளைச் சேர்த்துச் சாலையோரத்தில் ஒரு சிற்றுண்டிக் கடை கட்டினார். கதவில் இரண்டு கைப்பிடிகள். ஒன்று வெறும் வேடிக்கைக்கு. வருகிறவர் அதைத் திருகித் திகைக்க, உள்ளே சிரிப்பு!

1978 செப்டம்பர் 22. ஊருக்கு வெளியே 40-ஆம் எண் பெருஞ்சாலையைத் திறந்தார்கள். நாள்தோறும் ஆயிரக்கணக்கில் வந்த மோட்டார்கள் அன்றோடு நின்றன. 1985-இல், ஊழியர் மாறும் இடமாக அந்த ஊர் இனி வேண்டாம் என்று ரயில்வேயும் விலகிக்கொண்டது. அதே ஆண்டில் 66 என்ற எண்ணையே தேசிய வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

முன்னேற்றம் வந்தால் நாலு ஊர் போகத்தான் செய்யும் என்று மேடைக்கு மேடை உபதேசம் பண்ணுகிற பண்டிதர்கள் இருக்கிறார்கள். போகிற அந்த நாலு ஊரில் தங்கள் ஊர் என்றைக்காவது இருந்ததுண்டா என்று அவர்களைக் கேளுங்கள்! சாலை போடவேண்டாம் என்று யார் சொன்னது? நான் சொல்லவில்லை. போடுகிறபோது அந்த ஊரில் கடை வைத்துப் பிழைக்கிறவனுடைய கதி என்ன என்று ஒரு கணம் யோசிக்கலாகாதா என்பதே என் வழக்கு.

அந்தச் சலூன்காரர் யோசித்தார். மற்றவர்கள் கடையைப் பூட்டிக்கொண்டு போன காலத்தில், அறுபது வயதை நெருங்கிய அவர், 1987 பிப்ரவரியில் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களைக் கூட்டிச் சங்கம் கண்டார்; பழைய சாலைக்குச் சரித்திரச் சாலை என்ற கௌரவம் வேண்டுமென்று மாநில சர்க்காரிடம் விடாமல் வாதாடினார். அவர் கையில் பட்டமுமில்லை, பதவியுமில்லை, கத்திரியும் சீப்பும்தான்! அந்த ஆண்டு முடிவதற்குள் செலிக்மனிலிருந்து கிங்மன் வரையுள்ள பாதைக்கு அந்தக் கௌரவத்தைச் சர்க்கார் கொடுத்தது. உலகத்தின் நாலா திசையிலிருந்தும் யாத்திரிகர்கள் அந்தச் சலூனைத் தேடி வரத் தொடங்கினார்கள். அவர் காட்டிய வழியைப் பார்த்து, சாலை கடந்து செல்லும் மற்ற மாநிலங்களிலும் அப்படியே சங்கங்கள் எழுந்தன.