பியருக்குப் போன கோச்சி
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



பாடசாலையைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். நான் கோச்சியைப் பற்றிப் பேசப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தாழ்வுபாட்டுப் பிள்ளை. எங்களுக்குக் கோச்சி என்றால் மன்னார் ஸ்ரேசன். அதற்கப்பால் தோட்டவெளி, பேசாலை, தலைமன்னார், கடைசியில் பியர். 1914இல் தொடங்கிய பாதை அது. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் பியரில் இறங்கிக் கப்பலேறி, 22 மைல் கடல் கடந்து தனுஷ்கோடியில் மறுபடி ரயிலேறுவார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போனது.

அதே 1964 ஒக்டோபரில்தான் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். மலையகத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு தலைவர்கள் கையெழுத்திட்டார்கள். அந்த எண்ணிக்கைக்குள் என் பக்கத்து வாங்குத் தோழியும் இருந்தாள் என்பது எட்டாம் வகுப்பில்தான் எனக்குத் தெரிந்தது.

அவள் விடுதிப் பிள்ளை. கணக்கில் கெட்டிக்காரி. தவணை விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போனவள் திரும்பி வரவில்லை. ஒரு தபாலட்டைதான் வந்தது: இன்ன நாள் மெயிலில் மன்னாரைக் கடப்போம், ஸ்ரேசனுக்கு வா.

அப்பா அன்று கடலுக்குப் போகவில்லை. விடியற்காலை என்னை மன்னாருக்குக் கூட்டிவந்து, "பியர்மட்டும் போய்வா பிள்ளை, நானும் வாறன்" என்று இரண்டு ரிக்கற் எடுத்தார். பெட்டி முழுக்கச் சனம். பித்தளைக் குடம், தையல்மெசின், பாயில் சுற்றிய மூட்டைகள். ஒரு கிழவி கொழுந்துக்கூடையைக்கூட விடாமல் கொண்டுவந்திருந்தா. அங்கே என்ன கொழுந்து பறிப்பாவோ! தோழி இந்தியாவைக் கண்டதேயில்லை. அவளுடைய அம்மாவும் கண்டதில்லை.

பியரில் சுங்கச் சாலைக்குள் எங்களை விடவில்லை. அவள் தன் கொம்பாசுப் பெட்டியை என் கையில் வைத்து, "வச்சிரு, கடிதம் போடுறேன்" என்றாள். மண்டபம் முகாமிலிருந்து கடிதமும் வந்தது. பதில் போட முத்திரைக்கு அம்மா தந்த காசை நான் இனிப்புப் புளியங்காய்க்குச் செலவழித்தேன். நாளைக்கு எழுதலாமென்று விட்டேன். பிறகு அவள் எந்த ஊரில் என்று யாரிடம் கேட்பது?

1984இல் கப்பல் நின்றது. 1990இல் கோச்சியும் நின்றது. தண்டவாளமே இல்லாமல் போயிற்று. நாங்களும் ஆளுக்கொரு திசையானோம். அகதியாய்ப் படகில் அதே இராமேஸ்வரக் கரையில் இறங்கி, மண்டபம் முகாமில் வரிசையில் நின்றபோதுதான் அவளுடைய கடிதத்தின் ஒவ்வொரு வரியும் எனக்கு விளங்கியது.

2015 மார்ச் 14இல் கோச்சி மீண்டும் தலைமன்னாருக்கு ஓடத் தொடங்கியது. பேத்தியோடு பியர்வரை போய்வந்தேன். கப்பலில்லை, கடல் இருக்கிறது.

இந்த மலர் திருச்சிக்கும் நீலகிரிக்கும் போகுமென்று செயலாளர் சொன்னார். தோழி, பெயரைச் சொன்னால் கோபிப்பாய், சொல்லவில்லை. மூடியில் ஆணியால் மயில் கீறிய கொம்பாசுப் பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. பாகைமானி மட்டும் உடைந்துவிட்டது. சங்கத்துக்கு ஒரு வரி எழுது. இந்த முறை பதில் போடுவேன்.